நாயாற்றுக் கரையிற் கூலியும் பங்கும்: தொழிற்சட்ட வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

முல்லைத்தீவிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கு நோக்கிச் செல்வோர் அளம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்து நாயாற்றை அடைவர். கிழக்கே வங்கக் கடல், மேற்கே களப்பு, இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றரை. களப்பு கடலோடு கலக்கும் தொடுவாய் மாரியில் திறந்தும் கோடையில் மணலால் தூர்ந்தும் போகும். அதற்குத் தெற்கே கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் என்னும் ஊர்கள் உள்ளன. வாடைக் காற்று வீசும் மாதங்களில் இக்கடல் கொந்தளிக்கும். சோளகம் வீசும் மாதங்களில் அடங்கியிருக்கும். மேற்குக் கரையின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆதலின், நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரைப் பகுதிகளின் மீனவர் தம் கடல் கொந்தளிக்கும் பருவத்தில் இக்கரைக்கு வந்து, வாடியமைத்துத் தொழில் புரிந்து, வாடைக்கு முன் மீளும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் வேரூன்றியது.

இக்கரையில் உழைப்பவன் பெரும்பாலும் மாதச் சம்பளமோ நாட்கூலியோ பெறுபவன் அல்லன். பிடிபட்ட மீனின் விலையிற் பங்கு பெறுபவன். இலங்கையின் தொழிற்சட்டங்களோ பெரும்பாலும் கூலி பெறுவோனை மனத்திற்கொண்டு எழுந்தவை. பங்கு பெறுபவன் அச்சட்டங்களின் காப்புக்கு உரியவனா, அன்றிச் சம்மாட்டியாரோடு கூட்டுச் சேர்ந்த வணிகனா? கடலில் ஒருவன் இறந்தால் அவன் குடும்பத்துக்கு யார் பொறுப்பு? பருவத்தின் நடுவே ஒருவன் விலக்கப்பட்டால் அவன் முறையிட இடமுண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, இந்நாட்டில் ஊழியம் என்பது ஒப்பந்தமாக மாறிய வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

கரைவலையின் கணக்கு

வரலாற்றுக்குப் புகுமுன் தொழிலின் இயல்பை அறிதல் நன்று. கரைவலைத் தொழிலில் தோணியும் வலையும் கயிறும் சம்மாட்டியாருடையன. வலையின் ஒருதலைக் கயிற்றைக் கரையில் விட்டு, தோணி கடலுட் சென்று, அரைவட்டமாக வலையை வளைத்து, மறுதலைக் கயிற்றைப் பிறிதோரிடத்திற் கரைசேர்க்கும். இரு பக்கத்தும் ஆட்கள் நின்று இழுக்க, மீன் மடியில் ஒதுங்கும். வலை வளைக்கும் இடத்தைப் பாடு என்பர். இப்பொழுது பல கரைகளில் உழவு இயந்திரத்தின் துணைகொண்டு கயிற்றை இழுப்பதால் ஆட்டொகை குறைந்திருப்பினும், பெருவலைக்கு இன்றும் பலர் வேண்டும்.

மீன் விற்ற பணத்திலிருந்து முதலிற் செலவு கழிக்கப்படும். எஞ்சியது வலைக்கு ஒரு கூறும் ஆட்களுக்கு ஒரு கூறுமாகப் பிரியும். கூறுகளின் அளவு கரைக்குக் கரை வேறுபடும். எடுத்துக்காட்டாக, ஒருநாள் விற்பனை 60,000 ரூபாய் என்றும் செலவு 12,000 ரூபாய் என்றும் கொள்வோம். எஞ்சிய 48,000 ரூபாயிற் பாதி வலைக்குப் போனால், மறுபாதியாகிய 24,000 ரூபாய் 16 பேருக்குள் தலைக்கு 1,500 ரூபாயாகப் பிரியும். செலவு முதலிலேயே கழிந்தமையால் அதிற் பாதியாகிய 6,000 ரூபாயை, அஃதாவது ஒருவருக்கு 375 ரூபாயை, ஆட்களே சுமந்தவர் ஆகின்றனர். முன்பணம் பெற்றவனுக்கு அதன் தவணையும் பங்கிலிருந்து கழியும். மறுநாள் வலை வெறுமையாக வந்தால் அவனுக்குப் பங்கு இல்லை. வாடியில் உண்ட சோறும் பெற்ற கடனும் மட்டுமே கணக்கில் ஏறும்.

இக்கணக்கில் இரண்டு செய்திகள் உற்று நோக்கற்பாலன. ஒன்று, உழைப்பவன் ஊதியம் மீனின் வரவைப் பொறுத்தது. அவ்வளவில் அவன் கூட்டாளி போலத் தோன்றுகின்றான். மற்றொன்று, எந்நேரம் வலை வளைப்பது, யாருக்கு மீனை விற்பது, எவ்விலைக்கு விற்பது, யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்பனவற்றுள் ஒன்றேனும் அவன் கையில் இல்லை. கணக்குப் புத்தகமும் அவனிடம் இல்லை. அவ்வளவில் அவன் வேலையாள் போலத் தோன்றுகின்றான். சட்டம் இவ்விரு தோற்றங்களுள் எதனைக் கொள்ளும் என்பதே ஆராயப்படுவது.

ஊழியமும் இராசகாரியமும்

பண்டைக் காலத்தில் உழைப்பு என்பது பிறப்பினாலும் நிலத்தினாலும் விதிக்கப்பட்ட கடமையாகவே இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் வன்னியர் திறையாக யானைகளை அளித்தனர். யாழ்ப்பாணப் பகுதியில் சில குலத்தார் அரசுக்கு ஆண்டுதோறும் ஊழியம் செய்தல் வேண்டும் என்னும் விதி நிலவியது. 1707ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் முதுசம், சீதனம், அடகு, வாடகை, வட்டி ஆகியன பற்றிய விதிகளோடு அடிமைகளைப் பற்றிய தனிப் பகுதியும் உண்டு. பன்னிரு முதலிமார் ஆராய்ந்து உடன்பட்ட அந்நூலை ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தாற் சட்டமாக்கினர். உழைப்பவன் உடைமைகளுள் ஒருவனாக எண்ணப்பட்ட காலத்தின் சான்று அது.

இந்நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாறியது. கோல்புறூக், கமறன் ஆகியோரின் ஆணைக்குழு அறிக்கையின் பயனாக 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அடிமை முறையை ஒழித்தது. எனினும் கட்டாய உழைப்பு முற்றாக நீங்கவில்லை. 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம் 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் செலுத்த வேண்டும் என விதித்தது. அரசனுக்குச் செய்த ஊழியம் வீதிக்குச் செய்யும் ஊழியமாயிற்று என்க.

ஒப்பந்தமும் சிறையும்

ஊழியம் நீங்கிய இடத்தில் ஒப்பந்தம் வந்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், அதன்பின் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டமும் பிறந்தன. பின்னதன்படி வாய்மொழியால் அமர்த்தப்பட்ட வேலையாள் மாதத்துக்கு மாதம் அமர்த்தப்பட்டவனாகக் கருதப்படுவான். ஒருவார முன்னறிவித்தலோடு ஒப்பந்தத்தை முடிக்கலாம். ஆனால் முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கியவன் குற்றவாளி; அவனைச் சிறையிலிடலாம். ஒரு குடியியற் கடப்பாட்டை மீறியமைக்குக் குற்றவியற் றண்டனை விதித்ததே இச்சட்டத்தின் தனியியல்பு. இங்கிலாந்தில் இத்தகைய தண்டனை 1875ஆம் ஆண்டிலேயே ஒழிந்தது; இலங்கைத் தோட்டங்களில் அதன்பின்னும் நெடுங்காலம் நிலைத்தது.

இக்கட்டளைச் சட்டம் வேலையாள் என்போர் யாவர் என வரையறுக்குங்கால் வீட்டு வேலையாட்கள், கங்காணிமார், வேளாண்மை, வீதி, புகையிரதப் பாதை ஆகியவற்றிலும் அவை போன்ற வேலைகளிலும் ஈடுபட்ட கூலியாட்கள் எனப் பெயர்சுட்டிற்று. கடற்றொழிலாளர் அப்பட்டியலிற் பெயர்சுட்டப்படவில்லை. ஆதலின் அச்சட்டத்தின் சிறைவாயில் அவர்களை நோக்கித் திறக்கப்பட்டதன்று. ஆயினும் பின்னர் எழுந்த காப்புச் சட்டங்களை ஆக்கியோரும் தோட்டத்தையும் தொழிற்சாலையையும் நோக்கினரேயன்றிக் கடற்கரையை நோக்கினர் அல்லர்.

தோட்டத் தொழிலாளரைக் கடனாற் பிணித்தது துண்டு முறை. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்ல விரும்பும் கூலியாட்களின் கடன்தொகையைக் குறித்த சீட்டே துண்டு எனப்பட்டது. அத்தொகையைச் செலுத்தும் புதிய துரையிடமே அவர்கள் செல்லக்கூடும். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் நலன்புரி கழகத்தை நிறுவி, இத்தகைய சட்டங்களின் கொடுமையை எடுத்துக்காட்டினார். துண்டு முறை 1921ஆம் ஆண்டில் ஒழிந்தது. இதன் சாயலைக் கடற்கரை வாடியின் முன்பணத்திற் காணலாம். முன்பணம் தீராமல் ஒருவன் வேறு வாடிக்குச் செல்வது அரிது. அவனை வேண்டும் மற்றொரு சம்மாட்டியார் அக்கடனைத் தீர்த்தல் வேண்டும். துண்டுக்கு ஒழிப்புச் சட்டம் வந்தது. முன்பணமோ வழக்காற்றின் உள்ளேயே தங்கிவிட்டது.

கூலியாளைக் காக்கும் சட்டங்கள்

1920க்குப் பின் சட்டத்தின் நோக்கம் தலைகீழாயிற்று. உழைப்பவனைத் தண்டித்த சட்டம் அவனைக் காக்கத் தொடங்கிற்று. 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தமும், குணசிங்காவின் தலைமையிற் கொழும்பில் வளர்ந்த தொழிற்சங்க இயக்கமும், இந்திய அரசின் வற்புறுத்தலும், அனைத்துலகத் தொழில் அமைப்பின் செல்வாக்கும் இதற்குக் காரணங்களாகும். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலியை விதித்தது. 1934இல் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1935இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும், 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும், 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், 1942இல் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் நிறைவேறின. சுதந்திரத்தின் பின் 1950இல் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமும், 1954இல் கடை, காரியாலய ஊழியர் சட்டமும், 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் வந்தன.

இச்சட்டங்களுட் பல, கூலிக்கு ஒரு காலவரையறை உண்டு, வேலைக்கு ஒரு நேர அளவு உண்டு, வேலையிடத்துக்கு ஒரு சுவர் உண்டு என்னும் எண்ணத்தின்மேல் நிற்பன. நாயாற்றுக் கரையில் இம்மூன்றும் இல்லை. மீன் வரும் நேரமே வேலை நேரம், கடலே வேலையிடம், பங்கே ஊதியம்.

இஃது இலங்கைக்கு மட்டும் உரிய இடர்ப்பாடன்று. இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டு வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம், இலாபத்திலோ மொத்த வருவாயிலோ பங்கு பெறும் மீன்பிடிப் படகினரைத் தன் காப்பிலிருந்து வெளிப்படையாகவே விலக்கிற்று. பங்கு பெறுவோன் துணிந்து தொழில் செய்யும் கூட்டாளி என்பதே அதன் அடிப்படைக் கருத்து. அனைத்துலகத் தொழில் அமைப்பு வேறு வழியை நாடிற்று. 1959ஆம் ஆண்டின் 114ஆம் இலக்கச் சமவாயமும், 2007இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த 188ஆம் இலக்கச் சமவாயமும், மீனவரின் வேலை உடன்படிக்கையிற் கூலியின் அளவு குறிக்கப்பட வேண்டும்; பங்கு முறையாயின் பங்கின் அளவும் அதனைக் கணிக்கும் முறையும் குறிக்கப்பட வேண்டும் என விதித்தன. பங்கும் ஊதியத்தின் ஒரு வடிவமே என்பதை இவை ஏற்றுக்கொண்டன.

கூட்டு என்பது யாது?

இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டம், உழைப்பை வாடகைக்குக் கொள்ளும் ஒப்பந்தத்தையும் கூட்டு ஒப்பந்தத்தையும் வெவ்வேறாகப் பகுத்தது. கூட்டில் ஒருவனுக்கு இலாபம் முழுவதும், மற்றவனுக்கு நட்டம் மட்டும் எனின் அது செல்லாது. அதனைச் சிங்கக் கூட்டு என உரோமர் எள்ளினர். வேட்டையிற் கிடைத்த இரை முழுவதையும் சிங்கமே எடுத்துக்கொண்ட ஈசாப்புக் கதையிலிருந்து அப்பெயர் பிறந்தது.

1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூட்டு வணிகம் பற்றிய வினாக்களுக்கு ஆங்கிலச் சட்டத்தையே கொள்ளுமாறு விதித்தது. ஆங்கிலேயரின் 1890ஆம் ஆண்டுக் கூட்டு வணிகச் சட்டம் இவ்விடயத்திற் றெளிவானது. இலாபத்திற் பங்கு பெறுதல் கூட்டுக்கு முதற்றோற்றச் சான்றாகும். எனினும் வேலையாள் ஒருவனுக்கு இலாபத்திற் பங்காக ஊதியம் அளிக்கும் ஒப்பந்தம் தன்னளவில் அவனைக் கூட்டாளி ஆக்காது என அது கூறுகின்றது. பங்கு என்னும் சொல்லைக் காட்டி மட்டும் ஒருவனை வேலையாள் அல்லன் என விலக்க இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

மற்றொரு பழைய சட்டமும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம், மூலதனம் ஒரு குறித்த எல்லையை மேற்படின், கூட்டு வணிக உடன்படிக்கை எழுத்தில் அமைந்து உரியவராற் கையொப்பமிடப்பட வேண்டும் என்றது. அவ்வெல்லை பின்னர் 1,000 ரூபாயாகக் கணிக்கப்பட்டது. ஒரு கரைவலையின் விலையும் தோணியின் விலையும் அவ்வெல்லைக்கு மிக மேற்பட்டவை என்பதை யாவரும் அறிவர். எழுத்தொன்றும் இல்லாமல், தம்மிடம் கயிறிழுத்தவனைக் கூட்டாளி என ஒரு சம்மாட்டியார் மன்றிற் சாதிக்கப் புகின், இப்பழஞ் சட்டமே அவர் வழியை மறிக்கும்.

'வேலையாள்' என்னும் சொல்

1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் வேலையாள் என்பதற்குத் தந்த வரைவிலக்கணம் விரிவானது. தொழில்தருநர் ஒருவரோடு எந்நிலையிலேனும் ஒப்பந்தம் செய்தவர், அல்லது அதன்கீழ் வேலை செய்பவர், வேலையாள் ஆவார். அவ்வொப்பந்தம் வெளிப்படையானதாகவோ உட்கிடையானதாகவோ, வாய்மொழியாகவோ எழுத்தாகவோ இருக்கலாம். அது சேவை ஒப்பந்தமாகவோ, பயிற்சி ஒப்பந்தமாகவோ, வேலையொன்றைத் தாமே நேரிற் செய்து முடிக்கும் ஒப்பந்தமாகவோ இருக்கலாம். சேவை நீக்கப்பட்டவரும் அதனுள் அடங்குவர். ஊதியம் எவ்வடிவில் அளிக்கப்படுகின்றது என்பதை இவ்வரைவிலக்கணம் அளவுகோலாகக் கொள்ளவில்லை. 1865ஆம் ஆண்டின் பட்டியல் தொழில்களைப் பெயர்சுட்டிற்று. 1950ஆம் ஆண்டின் வரைவிலக்கணம் உறவின் இயல்பைச் சுட்டிற்று. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவே தொழிற்சட்டத்தின் ஒரு நூற்றாண்டு வளர்ச்சி எனலாம்.

1957ஆம் ஆண்டின் 62ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தொழில் நியாய சபைகளை நிறுவிற்று. அதுவரை வேலையிழந்த தனியொருவன், தொழில்தருநர் ஒப்பந்தத்தை மீறினார் என்று குடியியல் நீதிமன்றத்திற் சேதம் கோரலாம்; வேலையைத் திரும்பப் பெறுதல் அரிது. திருத்தத்தின் பின் அவனோ அவன் தொழிற்சங்கமோ நேரே சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தின் சொற்கள் எவ்வாறிருப்பினும், நேர்மையும் நியாயமும் உடையதெனத் தோன்றும் கட்டளையைச் சபை பிறப்பிக்கலாம். பங்கு முறையில் உழைப்போர்க்கு இவ்வதிகாரத்தின் பயன் பெரிது. அவர்களுடைய ஒப்பந்தம் பெரும்பாலும் எழுதப்படாதது. எழுதப்பட்டவிடத்தும் எழுதியவர் மறுதரப்பினரே.

இச்சபைகளின் தலைவர்களை யார் நியமித்தல் வேண்டும் என்னும் வினா 1960களிற் பெரும் பிணக்காயிற்று. ஐக்கிய பொறியியற் றொழிலாளர் சங்கத்துக்கும் தேவநாயகத்துக்கும் இடையிலான வழக்கில் 1967ஆம் ஆண்டு இலண்டன் கோமறைக் கழகம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் எதிர்மனுதாரர், கிழக்கு மாகாணக் கூட்டுறவு ஒன்றியம் ஒன்றன் தலைவராக வழக்கில் இணைக்கப்பட்டவர். நீதிச் சேவை ஆணைக்குழு நியமிக்காமையினாலேயே அச்சபைகளின் அதிகாரம் செல்லாதாகாது என்பது பெரும்பான்மையோர் முடிபு. அதனாற் சபைகளின் வாழ்வு அன்று காக்கப்பட்டது.

நாயாற்றுக்குப் பொருத்துதல்

ஒருவன் வேலையாளா அல்லனா எனத் துணிவதற்கு நீதிமன்றங்கள் பல அளவுகோல்களைக் கையாள்கின்றன. யார் ஏவுகின்றார்? கருவிகள் யாருடையன? அவ்வேலை மற்றவரின் தொழிலில் இன்றியமையாத உறுப்பா? இலாப நட்டத்தின் ஆபத்து யாருடையது? கரைவலைக்கு இவற்றைப் பொருத்தினால் முதல் மூன்றுக்கும் விடை தெளிவு: ஏவுபவர் சம்மாட்டியாரும் அவர் நியமித்தவருமே, கருவிகள் அவருடையன, ஆளின்றி வலை கரைசேராது. நான்காவதிலேயே ஐயம் எழும். மீன் வாராத நாளில் ஆளும் இழக்கின்றான். ஆனால் அவன் இழப்பது தன் அன்றைய ஊதியத்தை. வலை கிழிந்தால் அதனைச் சீர்செய்யும் முதல் அவனுடையதன்று. தோணி விற்கப்பட்டால் அதன் விலையில் அவனுக்குக் கூறில்லை. தொழில் வளர்ந்தால் அவ்வளர்ச்சி அவன் சொத்தாவதில்லை. முதலில் உரிமையின்றி வரவில் மட்டும் ஏற்றத்தாழ்வைச் சுமப்பவனைக் கூட்டாளி என்பதிலும், ஊதியம் வேறுபடும் வேலையாள் என்பதே பொருந்தும்.

இதற்கு மறுப்பும் உண்டு. உறவினர் சிலர் சேர்ந்து படகொன்றை வாங்கி, முதலும் நட்டமும் பகிர்ந்து, ஒருவரையொருவர் கலந்து தொழில் நடத்தும் இடங்கள் உள்ளன. அவர்கள் மெய்யான கூட்டாளிகள். அவர்களைத் தொழில்தருநர், வேலையாள் எனப் பிரிப்பது உண்மைக்கு மாறாகும். சிறு சம்மாட்டியார் பலர் தாமே வணிகரிடம் முன்பணம் பெற்று, பிடித்த மீனை அவருக்கே அவர் குறிக்கும் விலைக்கு விற்கக் கட்டுண்டவர்கள் என்பதும் மறக்கற்பாலதன்று. அவர்கள் மேற் சட்டத்தின் சுமை முழுவதையும் ஏற்றிவிட்டு, ஆதாயத்திற் பெரும்பகுதி கொள்ளும் வணிகரை விட்டுவிடுதல் நியாயமாகாது. கேரளத்தில் 1985ஆம் ஆண்டு மீனவர் நலநிதிச் சட்டம் மீன் வணிகரிடமிருந்தும் நிதி பெற வழிசெய்தது. தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டில் மீனவர்க்கும் மீன்பிடித் தொழிலாளர்க்கும் நல வாரியம் அமைக்கும் சட்டம் நிறைவேறியது. இலங்கையில் 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் மீனவர் ஓய்வூதியத் திட்டத்தை அமைத்தது. இவை, தொழில்தருநர் யாரெனத் துணிய இயலாத இடத்தும் முதுமைக்கும் இடருக்கும் காப்பளிக்க முயன்ற வழிகள்.

தொழில்தருநரும் சட்டத்தரணிகளும் கவனிக்கற்பாலன

மேற்கூறிய வரலாற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிபுகள் பெறப்படும்.

முதலாவது, வாடியில் உழைப்போர் யாவரும் ஒரே நிலையினர் அல்லர். சமையல் செய்பவர், காவலாளி, பாரவண்டியில் மீன் ஏற்றுபவர், நாட்கூலிக்குக் கருவாடு உலர்த்தும் பெண்கள் ஆகியோர் ஐயத்துக்கு இடமின்றி வேலையாட்கள். ஓர் ஊழியரே இருப்பினும் சேமலாப நிதிக் கடப்பாடு எழும். ஊழியரின் உழைப்பூதியத்தில் நூற்றுக்கு 8 அவர் பங்கு. தொழில்தருநர் பங்கு நூற்றுக்கு 12. இதனோடு 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3 தொழில்தருநர் செலுத்த வேண்டும். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேசியக் குறைந்தபட்ச வேதனத்தை மாதத்துக்கு 10,000 ரூபாயாகவும் நாளுக்கு 400 ரூபாயாகவும் முதலில் விதித்தது. அத்தொகை அதன்பின் உயர்த்தப்பட்டு வந்துள்ளது. பருவந்தோறும் அன்றைய அளவை அறிந்துகொள்ளுதல் தொழில்தருநர் கடன்.

இரண்டாவது, பங்கு முறையாயின் அதனை எழுதுதல் வேண்டும். ஆட்களின் பெயர், சேர்ந்த நாள், எச்செலவுகள் கழிக்கப்படும், வலைக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு, கணக்குப் பார்க்கும் நாள் எது என்பன அதில் அடங்க வேண்டும். அதன் படி ஒன்று உழைப்பவன் கையில் இருத்தல் வேண்டும். முன்பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். அது கடனேயன்றி ஆளைப் பிணிக்கும் கயிறன்று.

மூன்றாவது, ஒருவரை விலக்குமுன் நாட்களை எண்ணுதல் வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்துள் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்கக் காரணமின்றி விலக்குவதாயின் அவருடைய எழுத்திலான சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்திலான அனுமதியோ வேண்டும். பெருவலையின் ஆட்டொகை 15ஐ எட்டக்கூடும். நாயாற்றுப் பருவமோ ஏறக்குறைய ஆறு மாதம். ஆதலின் சில நாட்களின் வேறுபாடே உரிமையைத் தீர்மானிக்கலாம். வரவுப் பதிவு இல்லாதவிடத்து அவ்வெண்ணிக்கையைப் பின்னர் நிறுவுதல் இரு தரப்பினர்க்கும் இடர் தரும். ஒழுக்கக் காரணத்தால் விலக்கினும் அக்காரணத்தை எழுத்தில் அறிவித்தல் கடமை. விலக்கப்பட்டவர் 6 மாதத்துள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடற்பருவம் முடிந்து ஊர் திரும்பியவர் இக்காலவெல்லையைத் தவறவிடுதல் எளிது.

நான்காவது, சிறுவர் பற்றியது. வேலைக்கமர்த்தும் மிகக் குறைந்த வயது 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. பாடசாலை விடுமுறையிற் கயிறிழுக்க வரும் சிறுவனுக்குக் கொடுக்கும் மீனையும் பங்கு எனச் சொல்லித் தப்ப முயலுதல் தகாது.

சட்டத்தரணிகள் இத்தகைய வழக்கில் முதலிற் கேட்கவேண்டியது கணக்குப் புத்தகத்தை. அதனை வைத்திருப்பவர் யார், அதிற் செலவு எவ்வாறு எழுதப்பட்டுள்ளது, முன்பணம் யார் பெயரில் நிற்கின்றது என்பன, வாயுரையிலும் உறுதியாக உறவின் இயல்பைக் காட்டும். கூட்டு என வாதிக்கும் தரப்பை நோக்கி, எழுத்து எங்கே, முதல் எவ்வளவு, நட்டம் எவ்வாறு பகிரப்பட்டது என்னும் மூன்று வினாக்களை எழுப்புதல் போதியதாகும்.

முடிவுரை

நாயாற்றின் அண்மைக்கால வரலாறு துயர் மிக்கது. 1984ஆம் ஆண்டு டிசெம்பரில் இக்கரையில் வன்செயல் மூண்டு, வாடிகளிற் றங்கியிருந்த தென்பகுதி மீனவர் உயிரிழந்தனர். அதே காலத்திற் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் தமிழ்க் குடிகள் ஊரைவிட்டு நீங்கினர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009இற் போர் முடிந்தபின்னரே குடிகள் மீண்டனர். மீண்டபோது பாடுகளைப் பற்றியும், வெளியிடத்து மீனவரின் அனுமதியைப் பற்றியும் பிணக்குகள் எழுந்தன. 2018ஆம் ஆண்டு ஓகஸ்டில் நாயாற்று வாடிகள் சில தீக்கிரையாயின.

கடல் யாருக்கு உரியது, பாடு யாருக்கு உரியது என்னும் வினாக்கள் இன்றியமையாதன. அவற்றின் ஆரவாரத்துள், கயிற்றைப் பிடித்து இழுப்பவனின் உரிமை யாது என்னும் வினா செவிக்கு எட்டாமற் போகின்றது. உள்ளூர் வலையாயினும் வெளியூர் வலையாயினும், தமிழனாயினும் சிங்களவனாயினும், இழுப்பவன் நிலை ஒன்றே: பங்கு அவனுக்குக் கணக்கிற் றெரியாது, இடர் அவனுக்குக் கடலிற் றெரியும். இராசகாரியத்திலிருந்து ஒப்பந்தத்துக்கும், சிறையிலிருந்து நியாய சபைக்கும் சட்டம் நடந்து வந்த வழி நீண்டது. எழுந்த சட்டம் வேலையாள் என்னும் சொல்லை அவனும் அடங்குமாறே விரித்து வைத்திருக்கின்றது. அச்சொல்லின் நிழல் நாயாற்று மணலிலும் விழவேண்டுமாயின், பருவத்தின் தொடக்கத்தில் ஒரு தாளிற் சில வரிகள் எழுதப்பட்டு, அதன் படி கயிறிழுப்பவன் கையிற் கொடுக்கப்படுதல் வேண்டும்.